டெயில் லைட்டுக்கு ஸ்மோக் அடிக்கிறதுக்கு முன்னாடி மத்தியான வெயில்ல ஒரு தடவை பாருங்க

வெள்ளை கார்ல ஸ்மோக் டெயில் லைட், அதாவது செவப்பு மேல கருப்புச் சாயல் ஏத்தின பின்பக்க லைட், சூப்பரா இருக்கும், அதுல எனக்கு மாத்துக் கருத்தே கிடையாது. பின்னாடி பெருசா தெரியுற அந்த செவப்பு அடங்கிப்போய் வண்டியே ஒரே பீஸா தெரியும், கருப்பு அலாய் வீல், கருப்பு ஸ்பாய்லரோட சேர்த்துப் பாத்தா இன்னும் கெத்து. அதனால எங்க சித்தப்பா பையன் அவனோட பழைய ஸ்விஃப்ட்டுக்கு இதைப் பண்ணணும்னு வந்து நின்னப்போ எனக்கு அவன் ஆசை நல்லாவே புரிஞ்சுது, ரெண்டு பேருமா சென்னைல கார் சாமான் கடைங்க இருக்குற ஜிபி ரோட்டுக்கு கிளம்பிட்டோம்.

அங்க பொதுவா மூணு விதமா பண்றாங்க. ஃபிலிம் ஒட்டுறது, ஸ்மோக் ஸ்பிரே அடிச்சு மேல க்ளியர் கோட் போடுறது, இல்லேன்னா மொத்த லைட்டையுமே கழட்டிட்டு வெளி மார்க்கெட் ஸ்மோக் லைட்டை மாட்டுறது. கடைப் பையன் டார்க் ஸ்மோக் ஃபிலிம் துண்டு ஒண்ணைக் கைல குடுத்துட்டு, "அண்ணே, ராத்திரி எரிய விட்டுப் பாருங்க, பக்காவா தெரியும்"னான். அவன் சொன்னது பொய் இல்ல, ராத்திரில நல்லாத்தான் தெரியும், ஏன்னா இருட்டுல சின்ன பல்பு கூட பளிச்சுனு தெரியும். நம்மாளுங்க எல்லாருமே வீட்டு வாசல்ல நிறுத்தி ராத்திரில போட்டோ எடுத்துப் பாத்துதான் ஓகே பண்றாங்க, அங்கதான் கோட்டை விடுறாங்க.

நான் அந்தத் துண்டை இடது பக்க லைட் மேல வச்சுப் பிடிக்கச் சொல்லி, தம்பியை உள்ள உக்காந்து பிரேக்கை மிதிக்கச் சொல்லிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்னு பாத்தேன். நல்ல உச்சி வெயில். வலது பக்கம் பிரேக் விழுறதும் விடுறதும் தெளிவா தெரியுது, இடது பக்கம் உத்துப் பாத்தாத்தான் தெரியுது. அப்புறம் அவனை என் இடத்துல நிக்க வச்சுட்டு நான் போய் மிதிச்சேன், "அண்ணா மிதிச்சீங்களா இல்லையா?"னு அங்கேர்ந்து கத்துறான். காலைல பூந்தமல்லி தாண்டி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனவங்களுக்குத் தெரியும், வெயில் நம்ம முதுகுப் பக்கத்துலேர்ந்து வந்து முன்னாடி போற வண்டியோட டெயில் லைட் மேலேயே அடிக்கும், நல்லா இருக்குற லைட்டே அப்போ மங்கலாத்தான் தெரியும். 80 கிலோமீட்டர் வேகத்துல ஒரு செகண்டுக்கு 22 மீட்டர் போயிடுறோம், பின்னாடி வர்றவரு "பிரேக்கா இல்லையா"னு அரை செகண்டு யோசிச்சாலே 11 மீட்டர் போச்சு.

இதை விட முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு, அதைப் பத்தி யாருமே பேச மாட்டேங்கிறாங்க, ரிஃப்ளெக்டர். நிறைய கார்ல டெயில் லைட்டுக்குள்ளயே குட்டிக் குட்டிக் கட்டமா மினுக்குற ஒரு பட்டை இருக்கும், சிலதுல பம்பர்ல தனியா இருக்கும். நம்ம வண்டி பேட்டரி செத்துப்போய் ஜிஎஸ்டி ரோட்டோரமா ராத்திரி நிக்குதுன்னு வைங்க, ஒரு லைட்டும் எரியல, பின்னாடி வர்ற லாரிக்காரருக்கு நம்மள காட்டிக் குடுக்குறது அந்தப் பட்டை மட்டும்தான். அவரோட ஹெட்லைட் வெளிச்சம் ஃபிலிம் வழியா உள்ள போகணும், திரும்ப அதே ஃபிலிம் வழியா வெளிய வரணும், அதாவது ரெண்டு தடவை அடி வாங்குது. பாதி வெளிச்சம் விடுற 50 சதவீத ஃபிலிம்னா திரும்பி வர்றது கால் பங்குதான். 35 சதவீதம்னா கிட்டத்தட்ட எட்டுல ஒரு பங்கு! உள்ள இருக்குற பல்பை எவ்வளவு பவரா மாத்தினாலும் இதை சரி பண்ணவே முடியாது, ஏன்னா ரிஃப்ளெக்டர்ல பல்பே கிடையாது.

"கம்பெனியே ஸ்மோக் லைட் வச்சு விக்குறானே"னு தம்பி கேட்டான், நியாயமான கேள்விதான். அது அந்தக் கலர் லென்ஸுக்குன்னே உள்ள எல்இடி பவரை கணக்குப் பண்ணி வடிவமைச்சு, டெஸ்ட்ல பாஸ் ஆகி வர்ற லைட், நாம மேல ஒட்டுறது அந்தக் கணக்குலயே இல்ல. உங்க லைட் ஓரத்துல உத்துப் பாருங்க, நிறைய வண்டில வட்டத்துக்குள்ள E-னு ஒரு இங்கிலீஷ் எழுத்தும் பக்கத்துல நம்பரும், R, S1, IA-னு பொடி எழுத்தும் லென்ஸ்லயே அச்சா இருக்கும். R பின்பக்க செவப்பு லைட்டுக்கு, S1 பிரேக் லைட்டுக்கு, IA ரிஃப்ளெக்டருக்கு, அந்த அந்த வேலைக்கு அது டெஸ்ட் பாஸ்னு அர்த்தம். வெளி மார்க்கெட் லைட் வாங்குறவங்க இதெல்லாம் இருக்கானு பாக்காம வாங்காதீங்க.

சட்டத்துக்கு வருவோம். மத்திய மோட்டார் வாகன விதி 105, பின்பக்க செவப்பு லைட் 155 மீட்டர் தூரத்துலேர்ந்து தெரியணும்னு சொல்லுது. கார் கண்ணாடி வழியா 70, 50 சதவீத வெளிச்சம் போகணும்னு இருக்குற ரூல் 100 வேற, "லேசான ஸ்மோக்னா ஓகே ப்ரோ"னு அதை இங்க கொண்டு வந்து பேசுறதுல அர்த்தமே இல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தோட 2019 திருத்தத்துல வந்த 182ஏ பிரிவுப்படி அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் 5000 ரூபா அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்த்தும் போடலாம். போலீஸ் பிடிக்கிறாங்களா இல்லையாங்குறதை வச்சு முடிவு பண்றது எனக்குப் பிடிக்கல. டெயில் லைட்டை நாம பாக்கப் போறதே இல்ல, பாக்கப் போறது பின்னாடி மழைல ஹெல்மெட் வைசர்லாம் தண்ணியா வழிய ஸ்கூட்டில பிள்ளையை உக்கார வச்சுக் கூட்டிட்டு வர்ற அக்கா, அவங்களுக்கு அந்த செவப்பு எவ்வளவு சீக்கிரம் கண்ணுல படுதோ அவ்வளவு நல்லது.

தம்பி கடைசில டிக்கி மேல இருக்குற க்ரோம் பட்டைக்கும் எழுத்துக்கும் கருப்பு வினைல் ஒட்டினான், மங்கிப்போயிருந்த டெயில் லைட்டை பாலிஷ் போட்டான், இப்ப பாத்தா அந்த செவப்பே கருப்புக்கு நடுவுல எடுப்பா இருக்கு.

ஏற்கனவே ஃபிலிம் ஒட்டினவங்க ஹேர் ட்ரையர்ல மிதமா சூடு காட்டி ஓரத்துலேர்ந்து மெதுவா உரிச்சா வந்துரும், மிச்ச பசையை சோப்புத் தண்ணி போட்டுத் தேய்ச்சு எடுங்க. ஸ்பிரேன்னா கொஞ்சம் கஷ்டம், தண்ணி விட்டு நைஸ் எமரி ஷீட்ல தேய்ச்சு பாலிஷ் போடணும். தின்னர் மட்டும் தொடாதீங்க, பெரும்பாலான டெயில் லைட் லென்ஸ் அக்ரிலிக், தின்னர் பட்டா பொடிப்பொடியா விரிசல் விட்டுரும், அப்புறம் புது லைட்தான் வாங்கணும்.