நாலு பையும் ஓ பாசிட்டிவ், நாலும் சேரவில்லை

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. திருமங்கலத்திலிருந்து மதுரைக்குக் கொண்டுவந்தோம். ஹீமோகுளோபின் 7.4தான். "ரெண்டு யூனிட் ஏத்திட்டுத்தான் ஆபரேஷன்" என்றார் டாக்டர். அம்மா ஓ பாசிட்டிவ். அதுதான் எங்கும் கிடைக்குமே என்று நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

சாயங்காலம் ரத்த வங்கியிலிருந்து போன். "குரூப் சரிதான் சார், கிராஸ் மேட்ச் ஆகலை. நாலு பை பாத்துட்டோம்."

சண்டை போடத்தான் போனேன். அங்கிருந்த டெக்னீசியன் பெண் ஒன்றும் பேசாமல் ஒரு பிளாஸ்டிக் அட்டையைக் காட்டினார். வரிசையாகக் குட்டிக் குழாய்கள், உள்ளே ஜெல். கொடுப்பவரின் சிவப்பணுவையும் அம்மாவின் பிளாஸ்மாவையும் அதில் விட்டு, 37 டிகிரியில் வைத்திருந்து, சுழற்றி எடுப்பார்களாம். சேர்ந்தால் அணுக்கள் அடியில் போய் உட்காரும். சேராவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மேலேயே நிற்கும். நாலு குழாயிலும் சிவப்புக் கோடு மேலேதான் நின்றது.

"முன்னாடி அம்மாவுக்கு எப்பவாவது ரத்தம் ஏத்தியிருக்கீங்களா?"

"இல்லைங்க."

"எத்தனை பிள்ளைங்க?"

"மூணு."

"அதுல வந்திருக்கலாம்" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மறுநாள் மதியம், அம்மாவின் பிளாஸ்மாவை 11 வகை சிவப்பணுக்களோடு சேர்த்துப் பார்த்த சோதனையின் முடிவு வந்த பிறகுதான் புரிந்தது. ஏ, பி, ஓ என்று 1901இல் லேண்ட்ஸ்டைனர் பிரித்ததோடு கதை முடியவில்லை. பாசிட்டிவ், நெகட்டிவ் என்று நாம் சொல்வது ஆர்எச் என்ற இன்னொரு ரத்த வகையில், சிவப்பணுவின் மேலுள்ள 'டி' என்ற ஒரே ஒரு அடையாளத்தை வைத்து. அதே ஆர்எச்சில் பெரிய சி, சின்ன சி, பெரிய இ, சின்ன இ என்று இன்னும் இருக்கின்றன. அம்மாவின் அணுக்களில் சின்ன சி கிடையாது. அப்பா வழியாக அது எங்களுக்கு வந்திருக்க வேண்டும். பிரசவத்தில் பிள்ளையின் ரத்தம் துளி கலந்தாலும் போதும், தாயின் உடம்பு அதை அந்நியம் என்று குறித்துவைத்துக்கொள்ளலாம்; அப்படிக் குறித்துவிட்டால், பிறகு அது உள்ளே வரும்போது எதிர்க்கும். நானும் ஓ பாசிட்டிவ்தான். சோதித்துப் பார்த்தார்கள், சின்ன சி இருந்தது. பெற்ற பிள்ளையின் ரத்தம் ஆகாது!

அம்மாவிடம் சொன்னேன். "உங்கப்பா சங்காத்தமே எனக்கு ஆகாதுன்னு அப்பவே தெரியும்டா" என்றாள், அந்த வலியிலும்.

மேலூரிலிருந்து சித்தி ஓடிவந்தாள். அவளுக்குச் சின்ன சி இல்லை. ஆனால் ஹீமோகுளோபின் 11.6. தானம் கொடுக்க 12.5 வேண்டும். "அக்காவுக்குக் கொடுக்க எனக்கு என்னடா கணக்கு?" என்று அழுதாள். கடைசியில் இருப்பில் இருந்த ஓ பாசிட்டிவ் பைகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சோதித்து, சின்ன சி இல்லாத இரண்டைத் தேடி எடுத்தார்கள். அவை சேர்ந்தன. ஆபரேஷன் இரண்டு நாள் தள்ளிப்போய் நடந்தது.

வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு சீட்டு கொடுத்தார்கள். பின்னால் சோதனையில் இந்த எதிர்ப்பு தெரியாமல் போனாலும் உடம்பு மறக்காதாம், எங்கே ரத்தம் ஏற்றினாலும் முதலில் இதைக் காட்ட வேண்டுமாம். லேமினேட் போட்டு, அம்மாவின் ஆதார் அட்டைக் கவரில் வைத்திருக்கிறேன். போன வாரம் பல் பிடுங்கப் போனபோதும் அதை நீட்டினாளாம்.