பொட்டோடு ஒரு டேக்

கொழும்பில் தமிழ் விளம்பரங்களுக்கு ஸ்கிரிப்ட் எழுதுவதுதான் என் வேலை. எழுதுவது என்று சொன்னாலும் பெரும்பாலும் சிங்களத்தில் யோசித்து முடித்ததைத்தான் தருவார்கள். தமிழுக்கென்று தனியாகப் படம் எடுக்கப் பணம் ஒதுக்க மாட்டார்கள். அதே வீடு, அதே நடிகர்கள், அதே சாப்பாட்டு மேசை, அம்மாவாக வருகிறவருக்கு மட்டும் பொட்டு வைத்து ஒரு டேக், பொட்டில்லாமல் இன்னொரு டேக். அப்பாவுக்கு எதையும் மாற்றத் தேவையில்லை, அதே சேர்ட்டோடும் லேப்டொப் பையோடும் அவர் சிங்களவராகவும் வருவார், தமிழராகவும் வருவார். முஸ்லிம் குடும்பம் வேண்டுமென்றால் அம்மாவுக்கு முக்காடு. சமையல், பிள்ளையின் படிப்பு, மாமியாரின் மனசு எல்லாவற்றையும் சுமக்கிறவள்தான் இனத்தையும் மதத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கிறது.

குரலிலும் இதே கதைதான். எங்களுக்கு டப்பிங் பேசும் அக்கா ஒருவர் ஒருநாள் ஸ்டூடியோவில் சிரித்துக்கொண்டே கேட்டார்: "தங்கச்சி, சவர்க்காரம், கறித்தூள், பால்மா எண்டா என்னைக் கூப்பிடுறீங்க. லோன், காணி, சீமெந்து எண்டா மட்டும் ஏன் அண்ணாமாரத் தேடுறீங்க?" என்னிடம் பதில் இருக்கவில்லை. பால்மாவிலும்கூட, பிள்ளை சாப்பிடுதில்லை என்று கவலைப்படுவது அவர் குரல், கடைசியில் சத்துக்களின் பட்டியலை அழுத்தமாகச் சொல்வது ஓர் ஆணின் குரல்.

தேயிலை இதைவிட மோசம். இலங்கை என்றாலே காட்டும் படம் கொழுந்து பறிக்கும் மலையகத் தமிழ்ப் பெண். கூடையோடு சிரிப்பாள், அவள் வாய் திறந்து ஒரு வசனம் பேசி நான் பார்த்ததில்லை. தேநீரின் தரத்தைப் பற்றிச் சொல்ல கோட் போட்ட ஒருவர் வந்துவிடுவார். அவளுடைய சம்பளப் பிரச்சினை செய்தியில் வரும்போதும் மைக் அநேகமாகத் தொழிற்சங்கத் தலைவரிடம்தான் போகும்.

சரி, ஆணை அடுப்படிக்குள் கொண்டுவந்தால் தீர்ந்ததா? எர்விங் கோஃப்மன் என்ற சமூகவியலாளர் 1970களிலேயே விளம்பரப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்து, வீட்டு வேலையில் நிற்கும் ஆணைச் சும்மா நிற்பவனாகவோ கோமாளியாகவோதான் காட்டுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். இன்றைக்கும் அதேதான். அண்மையில் ஒரு பால்மா விளம்பரத்தில் அப்பாவே பால் கரைத்துக் கொடுக்கட்டும் என்றேன். கிளையன்ட் சம்மதித்தார், ஆனால் அப்பா மேசையெல்லாம் மாவைக் கொட்ட வேண்டுமாம், அம்மா வந்து துடைக்க வேண்டுமாம். பிரித்தானியாவில் 2019 ஜூனில் ஆண் இப்படித்தான், பெண் இப்படித்தான் என்று தீங்கான விதத்தில் காட்டும் விளம்பரங்களுக்கு எதிராக ஒரு விதி வந்து, இரண்டு மாதத்துக்குள்ளேயே, சாப்பாட்டைப் பார்த்துக் குழந்தைகளை மறந்துபோகும் இரண்டு அப்பாக்களைக் காட்டிய சீஸ் விளம்பரத்தைத் தடை செய்தார்கள் என்று எடுத்துச் சொன்னேன்.

"அதெல்லாம் அங்க சரி மிஸ். இங்க ஆக்கள் சிரிக்கணும்."

நானும் விடவில்லை. கொட்டாமல் கரைக்கும் டேக் ஒன்றையும் எடுக்க வைத்தேன். எடிட்டில் எதைப் போடுவது என்று இன்னும் இழுபறிதான்.