கர்ப்ப காலத்தில் உலரும் கண்கள்

எனக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. மாலையில் கணினியை அணைக்கும் வேளையில் கண்ணுக்குள் மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது. காலையில் இமைகளைப் பிரிக்கும்போது எரிகிறது. சில சமயம் நீர் தாரையாக வழிவதும் உலர்வினால்தான்: காய்ந்த விழிப்பரப்பு தூண்டப்பட்டுச் சுரக்கும் அந்த நீர் கண்ணில் நிலைத்துத் தங்குவதில்லை.

கர்ப்பத்தில் ஹார்மோன்கள் மாறும்போது கண்ணீர்ச் சுரப்பியும், இமை விளிம்பில் எண்ணெய் சுரக்கும் நுண்சுரப்பிகளும் பாதிக்கப்படலாம். கருவிழியும் நீர்கோத்துச் சற்றே தடிக்கக்கூடும் என்பதால், பல ஆண்டுகள் பழகிய கான்டாக்ட் லென்ஸ்கூடப் பொருந்தாமல் போகலாம். புதிய கண்ணாடி வாங்குவதைப் பிரசவம் முடிந்து சில வாரங்கள்வரை தள்ளிப்போடுவதே நல்லது.

மருத்துவர் எனக்கு எழுதித் தந்தது, கண்ணை ஈரமாக வைக்கும் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் உள்ள, கெடாமலிருக்க ரசாயனம் எதுவும் சேர்க்காத செயற்கைக் கண்ணீர். ஒரு முறை திறந்து பயன்படுத்திவிட்டு எறிந்துவிட வேண்டிய சின்னஞ்சிறு குப்பிகளில் அது வருகிறது. கண் சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்துகள் ரத்தக் குழாய்களைச் சுருக்குபவையே அன்றி உலர்வைத் தீர்ப்பவை அல்ல. அவற்றை மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். வீட்டுப் பெரியவர்கள் அன்போடு சொல்லும் விளக்கெண்ணெயையும் தாய்ப்பாலையும்கூடக் கண்ணில் விட வேண்டாம். கிருமித்தொற்று வந்தால் கருவிழியே புண்ணாகிவிடும்.

ஆனால் கர்ப்பத்தின் 20 வாரங்களுக்குப் பிறகு பார்வை மங்கினாலோ, கண்முன் ஒளிப்பொறிகள் தெரிந்தாலோ, கடுந்தலைவலி சேர்ந்தாலோ, அது ரத்த அழுத்தம் கூடியதன் அறிகுறியாக இருக்கலாம் என்பதால், வெறும் உலர்வு என்று விட்டுவிடாமல் உடனே மகப்பேறு மருத்துவரிடம் சென்று ரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.