கழுத்தில் பச்சைக் கறை

26.8.2024, திங்கள்

சீடை வெடிக்காமல் வந்தது. இன்றைக்கு அதுவே சாதனை. வேலை முடிந்து காலை நீட்டி உட்கார்ந்து, மகள் கல்லூரி நூலகத்திலிருந்து எடுத்து வந்த ‘டேரிங் கிரேட்லி’யைப் பிரித்தேன். 2012இல் வந்த புத்தகம். எழுதிய பிரெனே பிரவுன் அமெரிக்காவில் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணித் துறைப் பேராசிரியர். அவமானப்பட்ட கதைகளை ஆட்களிடம் கேட்டுக் கேட்டே ஆராய்ச்சி செய்தவர். ‘பெரிதாகத் துணிவது’ என்கிற தலைப்பு, 1910இல் பாரிஸ் சோர்போன் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் பேசிய பேச்சிலிருந்து எடுத்தது. களத்தில் இறங்கிப் புழுதியும் ரத்தமுமாக நிற்கிறவனுக்குத்தான் மரியாதை, ஓரமாக நின்று நொட்டை சொல்கிறவனுக்கு இல்லை என்று போகிறது அந்தப் பேச்சு.

என் ஆங்கிலத்துக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பக்கம்தான் ஓடும்.

30.8.2024, வெள்ளி

‘வல்னரபிலிட்டி’யிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறேன். மகளிடம் கேட்டால் ‘பலவீனம்’ என்றாள். அது இல்லவே இல்லை என்றுதான் இந்த அம்மா பக்கம் பக்கமாக மன்றாடுகிறார். என்ன ஆகுமென்று தெரியாமல், அடிபடலாம் என்று தெரிந்தே மனசைத் திறந்து காட்டுவது. நம் பேச்சில் ‘மனசு விட்டுப் பேசுறது’ கிட்டே வருகிறது. ஆனால் அதைச் சொல்லும்போது வயிற்றைக் கலக்குவதில்லையே.

‘ஷேம்’ என்றால் கவலையில்லை. வெட்கம், கூச்சம், நாணம், அவமானம், தலைகுனிவு, மானக்கேடு என்று வண்டி வண்டியாக வைத்திருக்கிறோம். ‘தப்புப் பண்ணிட்டேன்’ என்பது குற்றவுணர்வு, ‘நானே தப்பு’ என்பது ஷேம் என்று பிரிக்கிறார். முன்னது ஆளைத் திருத்தும், பின்னது அமுக்கும். நாணுடைமை அதிகாரத்தின் முதல் குறளே ‘கருமத்தால் நாணுதல் நாணு’ என்றுதான் தொடங்குகிறது. வள்ளுவரும் காரியத்தைத்தான் பிடிக்கிறார், ஆளை இல்லை.

ஆனால் வெண்ணிப் போரில் மார்பில் பாய்ந்த வேல் முதுகு வழியே வந்ததற்காக, ‘புறப்புண் நாணி’ வடக்கிருந்து, பட்டினி கிடந்தே செத்த சேர ராஜா? என்ன தப்புப் பண்ணினான்? பள்ளியில் இதைப் பெருமை என்று சொல்லித் தந்தார்கள். இன்றைக்குப் பாவமாக இருந்தது.

7.9.2024, சனி

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

போன வருடம் இவர் கடையை மூடினபோது என் ஆரமும் நாலு வளையலும் வங்கிக்குப் போயின. வட்டி கட்டி, கட்டி, திருப்பி அங்கேயே வைக்கிறோம். 15ஆம் தேதி சித்தி மகன் கல்யாணம். கவரிங் வாங்கியாகிவிட்டது. யாருக்கும் தெரியாது.

மறைப்பு, மௌனம், அடுத்தவர் போடும் எடை, இந்த மூன்றும் கிடைத்தால் ஷேம் செழித்து வளருமாம். பெட்டிக்குள் கவரிங் ஆரத்தைப் பஞ்சில் சுற்றி வைத்தபோது ஞாபகம் வந்தது.

கதையைக் கேட்க அருகதை உள்ளவரிடம் மட்டும் சொல் என்கிறார். சரி, ஆனால் இது என் ஒருத்தி கதையா? கழுத்து என்னுடையது, கடை அவருடையது. நான் வாயைத் திறந்தால் தலைகுனிகிறவர் அவர். இந்த இடத்துக்கு அந்தப் புத்தகத்தில் எனக்கு வழி கிடைக்கவில்லை.

ராத்திரி அவரிடமே கேட்டேன். “பெரியம்மா பொண்ணுகிட்ட மட்டும்னா சொல்லிக்கோ” என்றார். விளக்கை அணைத்த பிறகு, “சித்திகிட்ட வேணாம்.” விடிந்ததும், இங்கே எழுதுவதற்கும் சேர்த்துத் தலையாட்டினார்.

15.9.2024, ஞாயிறு

மண்டபத்தில் ஏசி இழுத்துக்கொண்டிருந்தது. தாலி கட்டி முடிவதற்குள் வியர்த்து, ஆரம் பட்ட இடமெல்லாம் கழுத்தில் பச்சைப் பச்சையாய்க் கோடு. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு மணமகள் அறைக்குள் ஓடினேன். அக்கா, அதே பெரியம்மா மகள், பின்னாலேயே வந்தாள். கைக்குட்டையை நனைத்துத் துடைத்தாள். போகவில்லை.

“கவரிங்க்கா” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அணைத்துக்கொள்வாள், அழுவாள் என்றெல்லாம் நினைத்திருந்தேன். “எத்தனை பவுன்?” என்றாள்.

சொன்னேன். வாய்க்குள் ஏதோ கணக்குப் போட்டாள். பையிலிருந்து பவுடரை எடுத்துக் கழுத்தில் அப்பினாள். “வா, ரெண்டாவது பந்தி உக்காந்துட்டாங்க.” அவ்வளவுதான். சாப்பிடும்போது தன் இலையிலிருந்த ஜாங்கிரியை எடுத்து என் இலையில் வைத்தாள். அவளுக்குச் சர்க்கரை, அதனாலும் இருக்கலாம்.

17.9.2024, செவ்வாய்

‘ஏன்டி சொன்னோம்’ என்று இரண்டு நாளாக ஒரே குடைச்சல். 2010இல் ஹூஸ்டன் மேடையில் ஐநூறு பேர் முன்னால் தான் உடைந்துபோன கதையைச் சொல்லிவிட்டு, பிரவுனும் மூன்று நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லையாம். எனக்கு அந்த வசதி இல்லை. காலையிலேயே பால் வாங்கப் போயாக வேண்டும்.

அக்கா கூப்பிடவில்லை. சித்தி கூப்பிட்டாள். பந்தி, மொய், மாப்பிள்ளை வீட்டார் கோபம் என்று வரிசையாகப் பேசினாள். நகையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எந்தக் கல்யாணத்துக்குப் பிறகும் சித்தி நகையைப் பற்றிப் பேசாமல் போனை வைத்ததே கிடையாது.

“யாரு போன்ல?” என்றார் இவர்.