பாலக்காட்டுக் கணவாயை ஒட்டி ஒரு குடும்ப விமானம்: வார இறுதிக் கணக்குகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று கேரள எல்லைக்குள் இருந்துகொண்டு தமிழ் பேசும் எங்கள் ஊர்களுக்கு விமான நிலையம் என்றால் கோவை பீளமேடுதான். பாலக்காட்டில் ஓடுதளம் கிடையாது. நான்கு இருக்கை விமானம் ஒன்றைக் குடும்பத்துக்காக வைத்துக்கொள்ள நினைக்கும் தம்பதிகள் எல்லாரும் எங்கெங்கே போகலாம் என்றுதான் விசாரிக்கிறார்கள். திரும்பி வருவதைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. திங்கட்கிழமை பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், பெரியவர்களுக்கு வேலை. கண்பார்வை விதிப்படி, அதாவது வி.எஃப்.ஆர். முறையில், பறக்கும் விமானத்துக்கு இந்தியாவில் சூரியன் மறைந்த பிறகு அனுமதி இல்லை. மார்கழியில் கோவையில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். ஆகவே ஞாயிறு மாலை ஐந்தரைக்குப் பீளமேட்டில் சக்கரம் தரையில் இருக்க வேண்டும் என்று முதலில் எழுதிக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி நேரத்தைக் கணக்கிட்டுத்தான் சனிக்கிழமை காலைக்கு வர வேண்டும்.

இங்கே எல்லாவற்றையும் முடிவு செய்வது காற்று. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஆனைமுடி 2,695 மீட்டர். இரண்டுக்கும் நடுவில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்தில் கணவாய் திறந்து கிடக்கிறது. அதன் தரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 140 மீட்டர்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று இந்த வாய்க்குள் நெருக்கியடித்துக்கொண்டு வேகம் கூடி வரும். மார்கழி, தை மாதங்களில் அதே வழியாகக் கிழக்கிலிருந்து வறண்ட காற்று பாலக்காட்டுக்குள் இறங்கும்.

பீளமேட்டு ஓடுதளம் 05/23; அதாவது ஒரு பக்கம் 50 பாகை, மறுபக்கம் 230 பாகைத் திசை நோக்கி இறங்கலாம். ஆடி மாதத்தில் காற்று ஏறக்குறைய 260 பாகையிலிருந்து வரும்போது 23-இல் இறங்கினால் முப்பது பாகை கோணம். 30 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், 1.85 கிலோமீட்டர்) காற்று என்றால் அதில் பாதி, 15 நாட், பக்கவாட்டுக் காற்றாகத் தள்ளும். நான்கு இருக்கை விமானமான செஸ்னா 172 எஸ் கையேட்டில் செய்துகாட்டப்பட்ட பக்கவாட்டுக் காற்றின் அளவும் 15 நாட்தான். வீச்சுக் காற்று அதற்கு மேல் போகும் நாளில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு இறங்கப் போவது தேவையில்லாத வேலை. இன்னொன்று: மேற்கேயிருந்து வலுவாக அடிக்கும்போது வெள்ளியங்கிரி, போளுவாம்பட்டி மலைகளுக்குக் கிழக்குப் பக்கம் காற்று கீழ்நோக்கிச் சரியும். ஏறுவதற்கு விமானத்துக்கு இருக்கும் திறனை அந்தச் சரிவு தின்றுவிடும். மலையுச்சி மட்டத்தில் 25 நாட்டுக்கு மேல் காற்று என்றால் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே சரி. கடக்கத்தான் வேண்டும் என்றால் உச்சிக்கு மேல் குறைந்தது 2,000 அடி வைத்துக்கொண்டு, மலைத்தொடரை 45 பாகைக் கோணத்தில் அணுகுங்கள். இறங்குகாற்று பிடித்தால் சட்டென்று திரும்பி வெளியேற அந்தக் கோணம் உதவும்.

காற்றின் திசையைப் பார்க்க நம் பக்கத்தில் ஒரு நல்ல வசதி உண்டு. பல்லடம், உடுமலை வட்டாரம் முழுக்க நிற்கும் காற்றாலைகள். அவை எந்தப் பக்கம் முகம் திருப்பியிருக்கின்றனவோ அங்கிருந்துதான் காற்று வருகிறது. பக்கத்துப் பக்கத்து ஆலைகள் வேறு வேறு திசையில் நின்றால் காற்று மாறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்குக் குலுக்கல் இருக்கும்.

வெயிலும் காற்றைப் போலவே கணக்கில் வர வேண்டும். பீளமேடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,320 அடி. சித்திரை மதியம் 36 டிகிரி இருந்தால் அந்தக் காற்று நாலாயிரத்துச் சொச்சம் அடி உயரத்துக் காற்றைப் போல லேசாக இருக்கும். இன்ஜின் சக்தி குறையும், இறக்கை தூக்குவதும் குறையும், ஓட்டம் நீளும். ஓடுதளம் நீளமானது என்பதால் பீளமேட்டில் தப்பிக்கலாம். கிளம்பின பிறகு ஏறும் வேகம் மந்தமாகிவிடுவதுதான் மலைப்பக்கம் போகிறவர்களுக்கு ஆபத்து. பின்காற்றையும் லேசாக நினைக்க வேண்டாம். 172-இன் கையேட்டுப்படி ஒவ்வொரு 2 நாட் பின்காற்றுக்கும் ஓட்டத்தில் 10 சதவீதம் கூட்ட வேண்டும். எதிர்காற்றிலோ 9 நாட்டுக்குத்தான் 10 சதவீதம் குறைகிறது.

அடுத்தது, எங்கே போவது. கொச்சி என்றுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். கோவையிலிருந்து நேர்கோட்டில் சுமார் 65 கடல் மைல், நாற்பது நிமிடம். ஆனால் அந்த நேர்கோடு நெல்லியாம்பதி மலைமேல் போகிறது. அங்கே உச்சிகள் ஐயாயிரம் அடியைத் தாண்டும். திசைக்கேற்ற உயரம் என்ற விதிப்படி மேற்கு நோக்கிய பயணத்துக்கு உரிய 4,500 அடி போதாது, 6,500 வேண்டும். மழைக்காலத்தில் அந்த உயரம் மேகத்துக்குள் இருக்கும். எனவே வாளையாறு, பாலக்காடு, ஆலத்தூர், வடக்கஞ்சேரி என்று நெடுஞ்சாலையைத் தொடர்ந்து போவதே முறை. மேக அடிமட்டம் இறங்கி வந்தால் வாளையாற்றுக்கு முன்பே திரும்பிவிட வேண்டும். கணவாய்க்குள் நுழைந்த பிறகு திரும்ப இடம் தேடக்கூடாது. 5 கிலோமீட்டர் பார்வைத் தூரம், மேகத்திலிருந்து கிடைமட்டமாக 1,500 மீட்டர், செங்குத்தாக 1,000 அடி என்ற வரம்பை அன்றைக்குத் தளர்த்திக்கொள்வது கூடவே கூடாது.

நேர்மையாகச் சொன்னால் கொச்சிக்கு விமானம் லாபமில்லை. கொழிஞ்சாம்பாறையிலிருந்து முதலில் பீளமேட்டுக்குப் போய், சோதனைகள் முடித்து, அனுமதிக்குக் காத்திருந்து கிளம்புவதற்குள் காரில் போனவர் அங்கமாலியைத் தாண்டியிருப்பார். சிறு விமானத்துக்கு வேலை வருவது 100 கடல் மைலுக்கு மேல். மதுரையும் திருச்சியும் அந்த 100 மைலை ஒட்டி நிற்கின்றன. புதுச்சேரி சுமார் 170 கடல் மைல், ஒன்றரை மணி நேரம். காரில் ஒரு பகல் போய்விடும். திருப்பதி, அதாவது ரேணிகுண்டா, சுமார் 215. இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கிழக்கு நோக்கிய பயணம் என்பதால் 7,500 அடி. சேர்வராயன் மலையும் ஜவ்வாது மலையும் அந்த உயரத்துக்கு நன்றாகக் கீழே நின்றுவிடும். எங்களைக் கேட்டால் எல்லைக் குடும்பங்களுக்குத் திருப்பதிதான் முதல் பயணமாக இருக்க வேண்டும்.

அங்கேதான் பெட்ரோல் கணக்கு நுழைகிறது. 172 குடிப்பது அவ்கேஸ் 100 எல்.எல். என்ற விமானப் பெட்ரோல், நீல நிறம். இந்தியன் ஆயில் 2022 செப்டம்பரில் உள்நாட்டிலேயே தயாரித்து வெளியிடத் தொடங்கியது. அதற்கு முன் எல்லாம் இறக்குமதி. இன்றும் பயணிகள் விமான நிலையம் என்றால் ஜெட் விமானங்களுக்கான மண்ணெண்ணெய் வகை எரிபொருளான ஜெட் ஏ-1 இருக்கும்; ஆனால் அவ்கேஸ் இருக்கும் என்று நம்பிப் போக முடியாது. போன இடத்தில் கிடைக்காது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். 172 எஸ்-இல் பயன்படுத்தக்கூடிய பெட்ரோல் 201 லிட்டர். மணிக்கு 36 லிட்டர் என்று வையுங்கள். போக இரண்டு மணி நேரம், 72 லிட்டர். வரும்போது மேற்குக் காற்று 20 நாட் எதிர்த்தால் 115 நாட் வேகம் தரைக்கணக்கில் 95 ஆகிவிடும். இரண்டே கால் மணி நேரம், 81 லிட்டர். ஓடுவதற்கும் ஏறுவதற்கும் இரண்டு முறைக்குச் சேர்த்து 10. ஆக 163. அரை மணி நேரக் கையிருப்பு 18 லிட்டரைக் கழித்தால் மீதி 20 லிட்டர்தான். சேலத்துக்கோ திருச்சிக்கோ ஒதுங்க வேண்டி வந்தால் அந்த 20 லிட்டர்தான் துணை. மழைக்காலத்தில் இது எங்களுக்குப் போதாது; மார்கழியில் போதும்.

இவ்வளவு பெட்ரோலையும் கோவையிலேயே சுமந்து கிளம்புவதால் எடை முட்டும். அதிகபட்ச எடை 1,157 கிலோ. வெறும் விமானம் 770 கிலோ என்று கொள்வோம். உங்கள் விமானத்தின் எடைச் சான்றில் உள்ள எண்ணைத்தான் போட வேண்டும். மீதி 387. அவ்கேஸ் லிட்டருக்கு 0.72 கிலோ, 201 லிட்டருக்கு 145. மிச்சம் 242 கிலோ. அப்பா 75, அம்மா 60, பிள்ளைகள் 35, 25 என்றால் 195. பைகளுக்கு 47 கிலோ. பின்னாலுள்ள சாமான் இடத்தின் வரம்பு 54 கிலோ. ஆகச் சரியாகப் பொருந்துகிறது. பிள்ளைகள் வளர வளர இது பொருந்தாது. மூத்தவன் 35-லிருந்து 55 ஆகும் வருடத்தில் பைகளைப் பாதியாக்க வேண்டியிருக்கும். அம்மாயியும் வருகிறார் என்றால் இருக்கையே கிடையாது. ஒருவர் ரயிலில்தான் வர வேண்டும். எடையை மனக்கணக்காகச் சொல்லக்கூடாது. குளியலறைத் தராசில் ஏறி, செருப்போடு, கையில் உள்ள பையோடு எழுதுங்கள்.

புதிதாக வாங்குகிறவர்கள் டீசல் இன்ஜின் உள்ள டைமண்ட் டி.ஏ.40 என்.ஜி. போன்றதை யோசிப்பது நல்லது. ஜெட் ஏ-1 எல்லா இடத்திலும் கிடைக்கும், மணிக்குச் செலவாவதும் குறைவு. பழைய 172 விலை குறைவுதான்; ஆனால் இந்தியாவில் பெட்ரோல் தேடி அலைவதையும் அந்த விலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். எதை வைத்திருந்தாலும் எரிபொருள் வண்டி வரும்போது இறக்கை அருகில் நீங்களே நில்லுங்கள். அவ்கேஸ் இன்ஜினுக்கு ஜெட் ஏ-1 போட்டுவிட்டால் குழாயில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் ஓடிக் கிளம்பிவிடும், பிறகு வானத்தில் இன்ஜின் வெடித்துத் தட்டும். சந்தேகம் வந்தால் வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விடுங்கள். அவ்கேஸ் முழுதாக ஆவியாகும். ஜெட் ஏ-1 எண்ணெய் வட்டம் விடும்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பயணத் திட்டத்தைக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்னதாகத் தாக்கல் செய்ய வேண்டும். வான் பாதுகாப்பு அனுமதி எண்ணும், சென்னை தகவல் மையத்தின் எண்ணும் கையில் இல்லாமல் இன்ஜின் சாவியைத் திருப்ப முடியாது. சூலூர் விமானப்படைத் தளம் பீளமேட்டுக்குக் கிழக்கே பக்கத்திலேயே இருப்பதால் டவர் சொல்லும் திசையையும் உயரத்தையும் அப்படியே கடைப்பிடிக்க வேண்டும். போகும் நிலையத்தின் பணி நேரத்தையும் நிறுத்த இடத்தையும் கையாளும் கட்டணத்தையும் வெள்ளிக்கிழமையே தொலைபேசியில் கேட்டு வையுங்கள். தனியார் உரிமத்தில் பணம் வாங்கி யாரையும் ஏற்ற முடியாது. நண்பர் குடும்பத்திடமும் கட்டணம் என்று வாங்க வேண்டாம். மது அருந்திப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் ஓட்டக்கூடாது என்பது விதி. சனிக்கிழமை இரவு விருந்தில் உட்காரும்போது ஞாயிறு கிளம்பும் நேரத்தை நினைவில் வைக்க வேண்டும்.

ஓட்டாதவர் சும்மா உட்கார்ந்து வருகிறவராக இருக்கக்கூடாது. எங்கள் உறுதியான கருத்து இது. சரிபார்ப்புப் பட்டியலைச் சத்தமாகப் படிப்பது, அலைவரிசைகளை எழுதிவைப்பது, அரை மணிக்கொரு முறை பெட்ரோலையும் கடிகாரத்தையும் குறிப்பது, வெளியே பருந்துகளைப் பார்ப்பது எல்லாம் அவர் வேலை. காலை பத்து மணிக்கு மேல் வெப்பக்காற்றில் பருந்துகள் வட்டமிட்டு ஏறும். ஆபத்து நேர்ந்தால் அவை பெரும்பாலும் கீழ்நோக்கிப் பாயும், நாம் மேலே விலக வேண்டும். இறக்கையை மட்டமாக வைப்பது, மூக்கு ஏறாமல் இறங்காமல் நிலைநிறுத்தும் டிரிம் சக்கரம், ரேடியோவில் 121.5 என்ற ஆபத்துக்கால அலைவரிசை, ராடாருக்குக் குறியீடு அனுப்பும் டிரான்ஸ்பாண்டரில் 7700 என்ற ஆபத்துக் குறியீடு, இந்த நான்கையும் பயிற்சியாளர் ஒருவரோடு சில மணி நேரம் உட்கார்ந்து அவர் கற்றுக்கொள்ள வேண்டும். ஓட்டுகிறவர் மயங்கிவிட்டால் பின்னால் இருக்கும் பிள்ளைகளுக்கு அவர்தான் விமானி.

பிள்ளைகளுக்கு: தலைக்குச் சரியாகப் பொருந்தும் சிறுவர் ஹெட்செட் கட்டாயம். சளி பிடித்திருந்தால் பயணம் இல்லை. இறங்கும்போது காது அடைத்து வலிக்கும். நிமிடத்துக்கு 300 அடி வேகத்தில் மெதுவாக இறங்குங்கள், அப்போது தூங்க விடாதீர்கள், மிட்டாய் கொடுங்கள். 7,500 அடியில் வயிற்று வாயு விரியும். நேந்திரங்காய் வறுவல் பொட்டலம் ஊதி நிற்பதைப் பார்த்தால் புரியும். கொண்டைக்கடலை, சோடா வேண்டாம். இரண்டு இட்லி போதும். வெறும் வயிற்றோடு ஏற்றினாலும் குமட்டும். வெயிலில் நின்ற விமானத்துக்குள் முன்கூட்டியே உட்கார வைக்காதீர்கள். இன்ஜின் கிளப்புவதற்கு முன் நிமிடம் வரை இறக்கை நிழலில் நிற்கட்டும். சூடான இன்ஜினைத் திரும்பக் கிளப்பும்போது பிரைம் செய்யாமல் (முன்கூட்டிப் பெட்ரோல் செலுத்தாமல்), பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் மிக்ஸ்சர் பிடியை அடைத்து வைத்துச் சுழற்றி, இன்ஜின் ஓடத் தொடங்கியதும் முன்னே தள்ளுங்கள். இல்லாவிட்டால் பெட்ரோல் மிஞ்சிப் போய், உள்ளே பிள்ளைகள் வெந்துகொண்டிருப்பார்கள்.

பழைய, கார்புரேட்டர் உள்ள 172 வைத்திருப்பவர்கள் கணவாய்க்கு மேற்கே ஈரக்காற்றில் கவனமாக இருங்கள். வெளியே 25 டிகிரி இருந்தாலும் உள்ளே பனி கட்டும். ஆர்.பி.எம். காரணமில்லாமல் இறங்கினால் கார்புரேட்டருக்குச் சூடான காற்றைவிடும் கார்ப் ஹீட்டை முழுதாக இழுங்கள். பனி உருகி உள்ளே போகும்போது இன்ஜின் சற்று இருமும்; பயந்து ஹீட்டைத் தள்ளிவிடாதீர்கள்.

ஞாயிறு மதியம் வானம் ஒத்துழைக்காவிட்டால் என்ன செய்வது என்பதை வெள்ளிக்கிழமையே முடிவு செய்ய முடியும். ரேணிகுண்டாவிலிருந்தோ திருச்சியிலிருந்தோ கோவைக்கோ பாலக்காட்டுக்கோ ஞாயிறு இரவு ரயிலில் நான்கு டிக்கெட் எடுத்து வையுங்கள். தேவைப்படாவிட்டால் ரத்து செய்யலாம், போவது சில நூறு ரூபாய். விமானம் அங்கேயே கட்டிக் கிடக்கட்டும். டிக்கெட் கையில் இருந்தால் மழை மேகத்தைப் பார்த்துக்கொண்டே "போய்விடலாம்" என்று சொல்லத் தோன்றாது.

விட்டுவிட்டு வருவதானால் மூன்று கயிறு, சக்கரக் கட்டை, கைப்பிடிப் பூட்டு, வேகத்தை அளக்கக் காற்றை வாங்கும் பிட்டோ குழாய்க்கான உறை விமானத்திலேயே எப்போதும் இருக்க வேண்டும். பிட்டோ குழாயையும் டேங்க் காற்றுத்துளையையும் மூடாமல் விட்டால் குளவி மண்கூடு கட்டிவிடும். மைனா இன்ஜின் மூடிக்குள் புல் அடைக்கும். திரும்ப எடுக்கப் போகும்போது மூடி திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். மழையில் நின்றிருந்தால் பெட்ரோலில் தண்ணீர் இறங்கியிருக்கும். 172 எஸ்-இல் வடிகால் 13: ஒவ்வொரு இறக்கையிலும் 5, மூக்குக்குக் கீழே 3. பதின்மூன்றிலும் பிடித்துப் பாருங்கள். கோப்பையின் அடியில் நிறமற்ற குமிழி தெரிந்தால் அது போகும்வரை வடியுங்கள். இறக்கையை ஆட்டிவிட்டு, சிறிது நேரம் கழித்து மறுபடியும் பிடியுங்கள்.