ஸ்கூல் பஸ்ஸை வீடாக்கப் போறீங்களா? முதல்ல தரையைத் தட்டிப் பாருங்க

பழைய ஸ்கூல் பஸ் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது இன்ஜினைப் பற்றித்தான். "செல்ப் ஒரே அடியில எடுக்குதுங்களா? புகை எப்படிங்க?" கொங்கு நாட்டில் இதை இரண்டாவது கேள்வியாக வைத்துக்கொள்ளலாம், முதல் கேள்வி தரை. சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் எந்த ரோட்டில் நின்றாலும் டாடா, லேலண்டு, ஐஷர் இன்ஜினைப் பிரித்து மாட்டத் தெரிந்த மேஸ்திரி கூப்பிடு தூரத்தில் இருப்பார். பம்ப், நாசில், கிளட்ச் பிளேட் எல்லாம் கடையில் கிடைக்கும். அழுகிப்போன தரை எந்தக் கடையிலும் கிடைக்காது.

ஸ்கூல் பஸ் ஓடுவது குறைவு. நாளைக்கு 70 கிலோமீட்டர், வருஷத்துக்கு 220 நாள் என்று போட்டால் 15,400. பன்னிரண்டு வருஷ வண்டிகூட இரண்டு லட்சத்தைத் தொட்டிருக்காது. லைன் பஸ் அதை இரண்டு வருஷத்துக்குள் ஓடி முடித்துவிடும். ஆனால் மழையில் குழந்தைகள் சேற்றுக் காலோடு ஏறுவார்கள், சாயங்காலம் கிளீனர் ஹோஸ் பிடித்து உள்ளேயே கழுவி விடுவார். மேலே அலுமினியச் செக்கர் ஷீட், அதற்கு அடியில் பிளைவுட், அதற்கும் அடியில் தரையைத் தாங்கும் குறுக்கு இரும்பு, கிராஸ் மெம்பர். ஸ்குரூ ஓட்டை வழியாக இறங்கும் தண்ணீரைப் பிளைவுட் பஞ்சு மாதிரி குடித்து, இரும்போடு ஒட்டிக்கொண்டே ஈரமாக இருக்கும். மேலிருந்து பார்த்தால் அலுமினியம் பளபளவென்று இருக்கும். 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் தரை ஓட்டை வழியாக விழுந்து ஒரு குழந்தை இறந்த பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்று சிறப்பு விதிகளே வந்தன.

ஆகவே வண்டியைச் சர்வீஸ் குழி மேல் நிறுத்தச் சொல்லுங்கள். கையில் ஒரு சின்னச் சுத்தியல், தட்டை முனை ஸ்குரூ டிரைவர், டார்ச். பார்க்க வேண்டியது மூன்று இடம்: பின் வீல் ஆர்ச்சுக்கு முன்னும் பின்னும் உள்ள கிராஸ் மெம்பர்கள், படிக்கட்டின் உள்மூலை, கடைசி சீட்டுக்கு நேர் அடி. தட்டினால் நல்ல இரும்பு 'ணங்' என்று சொல்லும். 'தொப்' என்றால் உள்ளே துரு ஏடு ஏடாகப் பிரிந்திருக்கிறது. ஸ்குரூ டிரைவரை அழுத்தினால் முனை உள்ளே போய்விடும், கருஞ்சிவப்புத் தூள் கண்ணில் கொட்டும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அடியில் புதுக் கருப்புப் பெயிண்ட் மின்னினால் இன்னும் அழுத்திக் குத்துங்கள். எப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) முந்தின வாரம் துருவின் மேலேயே பெயிண்ட் அடிப்பது ஊர் வழக்கம். படிக்கட்டு மட்டும் போயிருந்தால் டிங்கருக்கு ஒரு நாள் வேலை, விலையில் குறைத்து வாங்கலாம். மூன்று கிராஸ் மெம்பருக்கு மேல் ஓட்டை இருந்தால் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

சேஸில், ஸ்பிரிங் பட்டையைப் பிடித்திருக்கும் ஹேங்கரைச் சுற்றிலும் விரிசலோ வெல்டிங் தழும்போ இருந்தாலும் வேண்டாம். சேஸ் நம்பர் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். டயரில் பட்டன் தேயாமல் இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். ஸ்கூல் பஸ் டயர் தேய்வதற்கு முன்னாலேயே கிழடாகிவிடும். பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கம் பாருங்கள்: 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஆறும் பழசு என்றால் ஆறு டயர் விலையைக் கழித்துத்தான் பேச வேண்டும். இன்ஜினுக்கு ஒரே சோதனை போதும். காலையில் நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லி, குளிர்ந்த இன்ஜினை எடுத்து, சூடானதும் ஆயில் ஊற்றும் மூடியைத் திறங்கள். லேசான ஆவி பரவாயில்லை. புகைபோக்கி மாதிரி தள்ளினால் பிஸ்டன் ரிங் வேலை இருக்கிறது.

வாங்குவதற்கு நல்ல காலம் சித்திரை, வைகாசி. பள்ளி திறப்பதற்கு முன் மே மாதத்தில் எல்லா ஊரிலும் பள்ளி வாகன ஆய்வு நடக்கும். அதற்குச் செலவு செய்ய மனமில்லாத வண்டிகள் அப்போதுதான் விலைக்கு வரும். பேரத்துக்கு அடிப்படைக் கணக்கு, ஆர்.சி.யில் உள்ள காலி எடையை அன்றைய பழைய இரும்பு விலையால் பெருக்குவது. எப்.சி. உயிரோடு இருக்கும் வண்டியையே வாங்குங்கள், ஆர்.சி. மாற்றும் வேலை பாதி அதனால் சுலபமாகும்.

காகிதம்தான் இதில் பலரையும் கவிழ்க்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52இன்படி ஆர்.சி. விவரம் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. ஆகவே கிரைண்டரைத் தொடும் முன் வரைபடத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகம் போங்கள். சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன், மத்திய அரசின் வகைப் பட்டியலில் டிரான்ஸ்போர்ட் அல்லாத வண்டிகளில் வருகிறது. மோட்டார் கேரவனுக்கென்று ஏ.ஐ.எஸ்.-124 என்ற தர விதியும் உண்டு. உங்கள் வரைபடம் எதில் அடங்கும், சீட் எண்ணிக்கை எத்தனை, நிறம் என்ன என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள். பைனான்ஸ் கம்பெனியின் ஹெச்.பி. (கடன் பதிவு) ரத்து, பெர்மிட் இருந்தால் ஒப்படைத்த ரசீது, வரி பாக்கி இல்லாத சான்று, மூன்றும் விற்பவரிடமிருந்து வர வேண்டும். மஞ்சள் நிறத்தையும் 'பள்ளிப் பேருந்து' எழுத்தையும் எடுத்தாக வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் மாற்றத்தைத் தெரிவிக்காவிட்டால் விபத்து வரும் அன்று பாலிசி வெறும் காகிதம்.

எந்த அளவு வண்டி? மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸே போதும், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு டிரான்ஸ்போர்ட் வண்டிக்கும் இதையே சொல்லியிருக்கிறது. டாடா 709 ரகம் அந்த வரம்புக்குள் நிற்கும். பெரிய லேலண்டில் வீடு விசாலம்தான். ஆனால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசியில் ஒவ்வொன்றிலும் ரிவர்ஸ் எடுப்பது யார்? வால்பாறைக்கு 40, திம்பத்துக்கு 27. மலை ஏறும் ஆசை இருந்தால் நீள வண்டியை மறந்துவிடுங்கள்.

வண்டி வந்ததும் சீட்டைக் கழற்றுவதில்தான் முதல் நாள் போகும். மேலே போல்ட்டைத் திருப்பினால் அடியில் நட்டும் சேர்ந்து சுற்றும். அடியில் ஒருவர் ரிங் ஸ்பேனரோடு படுக்க வேண்டும். அதற்கும் அசையாததை நாலு இஞ்ச் கிரைண்டரில் 1 மில்லிமீட்டர் வெட்டுச் சக்கரம் மாட்டித் தலையை அறுத்துவிடுங்கள். இருபது சீட்டுக்கு எண்பது ஓட்டை விழும், ஒவ்வொன்றையும் அடைக்க வேண்டும். செக்கர் ஷீட், பிளைவுட் இரண்டையும் முழுசாக எடுத்துவிடுங்கள். நன்றாகத் தெரிகிற பகுதியை மட்டும் விட்டுவைக்கலாம் என்று தோன்றும், விடாதீர்கள். கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வர்ட்டர் அடித்து, மறுநாள் எபாக்சி பிரைமர். வெறும் ரெட் ஆக்சைடு தண்ணீரைத் தடுக்காது, அது மேல் பெயிண்டுக்கு அஸ்திவாரம் மட்டுமே. வெல்டிங் வைக்கும்போது பேட்டரி இரண்டு முனையையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றி வையுங்கள், எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்கு ஒரு சாண் தூரத்திலேயே மாட்டுங்கள். கூரையைத் தாங்கும் பில்லரை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அறுக்காதீர்கள். அவசர வழிக் கதவு அப்படியே இருக்கட்டும்.

உள்ளே ஒரு பலகை அடிக்கும் முன் கூரை மேல் அரை மணி நேரம் ஹோஸ் பிடியுங்கள். உள்ளே ஒருவர் சாக்பீஸோடு நின்று, சொட்டுகிற ரிவெட்டை எல்லாம் வட்டம் போட வேண்டும். அடைப்பதற்குச் சிலிக்கான் வேண்டாம்; அதன் மேல் பெயிண்ட் நிற்காது, வெயிலில் உரிந்து வரும். பி.யு. (பாலியூரித்தேன்) சீலன்ட் போடுங்கள். பெயிண்ட் வேலையை ஆடிக்கு முன் முடிப்பது நல்லது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆரம்பித்துவிட்டால் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் திறந்த வெளியில் அடித்த பெயிண்ட் உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும்.

வெப்பத்துக்கு: கூரை வெள்ளை, உள்ளே 25 மில்லிமீட்டர் நைட்ரைல் ரப்பர் ஷீட், ஏ.சி. டக்ட் போடுகிறவர்களிடம் ரோலாகக் கிடைக்கும். கூரையைத் தாங்கும் ஆர்ச்சுக்கும் ஆர்ச்சுக்கும் நடுவில் மட்டும் ஒட்டி, ஆர்ச் இரும்பை அப்படியே விட்டால் சூடு அது வழியாக இறங்கிவிடும். ஆர்ச்சின் மேலும் ஒரு அடுக்கு ஓடட்டும். படுக்கைக்குப் பொள்ளாச்சித் தென்னை நார் மெத்தை போதும். வேர்வை தங்காது.

அடுத்தது எடைமேடை. எடையை மூன்று தடவை போடுங்கள்: வாங்கியதும், சீட் எடுத்ததும், வேலை முடிந்ததும். ஒவ்வொரு தடவையும் முன் சக்கரம் மட்டும் ஏற்றி ஒரு எடைச் சீட்டு, முழு வண்டிக்கு ஒரு எடைச் சீட்டு. 18 மில்லிமீட்டர் பிளைவுட், எட்டுக்கு நாலு, ஒன்று சுமார் 34 கிலோ. பத்து ஷீட் அலமாரிக்குப் போனால் ஐந்து ஆள் எடை. அலமாரிக்கு 12 மில்லிமீட்டர் போதும். 200 லிட்டர் தண்ணீர் 200 கிலோ. டாங்கியை இரண்டு ஆக்சிலுக்கு நடுவில், டீசல் டேங்குக்கு எதிர்ப்பக்கம், உள்ளே தடுப்புத் தகட்டோடு வையுங்கள். தடுப்பு இல்லாவிட்டால் வளைவில் தண்ணீர் வண்டியைத் தள்ளும். காலியான வண்டி குதிக்கிறது என்று ஸ்பிரிங் பட்டையை எடுக்கச் சொல்வார்கள், கடைசி எடை வரும்வரை காது கொடுக்காதீர்கள்.

போர்வெல் தண்ணீர் நிரப்பினால் பம்பின் வால்வில் உப்புப் படிந்து ஆறு மாதத்தில் இழுவை குறையும். சிறுவாணித் தண்ணீர் வரும் தெருவில் சொந்தக்காரர் இருந்தால் உறவைப் பலப்படுத்திக்கொள்ளுங்கள். எப்படியும் பம்புக்கு முன்னால் ஒரு ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி) வேண்டும்.

கரன்ட் விஷயத்தில் 24 வோல்ட் போடுங்கள். பத்து ஆம்பியரை 12 வோல்ட்டில் ஆறு மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அனுப்பினால், போக வர 12 மீட்டரில் 0.8 வோல்ட் வழியிலேயே தின்றுவிடும். பிரிட்ஜ் 'வோல்டேஜ் இல்லை' என்று நின்றுபோகும். அதே வாட்டுக்கு 24 வோல்ட்டில் இழப்பு 0.4 தான். பேட்டரி 25.6 வோல்ட், 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் அயன் பாஸ்பேட் என்றால் இரண்டரை யூனிட். 540 வாட் பேனல் இரண்டு வைத்தால் நல்ல வெயில் நாளில் மூன்று, மூன்றரை யூனிட் வரும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்தப் பேனல் ஒன்றின் திறந்த சுற்று வோல்டேஜ், அதாவது எதையும் இணைக்காதபோது உள்ளது, ஏறக்குறைய 49. இரண்டை சீரிஸில் போட்டு 100 வோல்ட் எம்.பி.பி.டி. சார்ஜ் கன்ட்ரோலரில் கொடுத்தால் ஈரோட்டில் ஒன்றும் ஆகாது. ஊட்டிக் குளிரில் காலை வெயில் விழுந்ததும் வோல்டேஜ் 100ஐத் தாண்டி கன்ட்ரோலர் போய்விடும். 150 வோல்ட் வாங்குங்கள், இல்லையென்றால் பேரலல். வண்டி ஆல்டர்னேட்டரிலிருந்து லித்தியத்துக்கு நேராக ஒயர் இழுக்காதீர்கள். பேட்டரி கிடைத்ததை எல்லாம் உறிஞ்சும், ஆல்டர்னேட்டர் வெந்துவிடும். நடுவில் டி.சி.-டி.சி. சார்ஜர் வேண்டும். பியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு அடிக்குள்.

கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். சிலிண்டர் பெட்டி வீட்டுப் பக்கம் முழுக்க அடைபட்டு, கதவு வெளிப்பக்கம், அடித்தட்டில் இரண்டு துவாரம். 5 கிலோ சிலிண்டர் போதும், ஓடும்போது ரெகுலேட்டர் மூடி இருக்க வேண்டும்.

முதல் 500 கிலோமீட்டரில் யூ போல்ட், வீல் நட், டாங்கி கிளாம்ப், பேனல் போல்ட் நாலையும் மறுபடி இறுக்குங்கள். பேனல் போல்ட்டுக்கு நைலாக் நட் போட்டுப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிட்டால், கோடு பிரிந்திருக்கிறதா என்று ஏணியில் நின்றே பார்த்துவிடலாம்.