டார்னீட்டில் ஜவ்வரிசி வத்தல்: நாலு தடவை போட்டுப் பார்த்தது

மதுரையில் அம்மா வத்தல் போட நாள் பார்த்து நான் கண்டதில்லை. மாசி கழிந்தால் மொட்டை மாடி, பழைய வேட்டி, காக்கா விரட்ட வீட்டில் சும்மா இருக்கிற ஒரு பிள்ளை. அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவில் மெல்பர்னின் மேற்குப் புறநகரான இந்த டார்னீட்டுக்கு வந்த முதல் கோடையில் அதே நினைப்பில்தான் ஒரு டம்ளர் ஜவ்வரிசியை ஊறப்போட்டேன்.

முதல் தடவை நவம்பர் நடுவில். காலையில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கஞ்சியை ஊற்றி முடித்துக் கை கழுவுவதற்குள் தூறல். உள்ளே எடுத்தால் வெயில், வெளியே வைத்தால் தூறல். மூன்றாம் நாள் புளித்த வாடை வந்து குப்பைக்குப் போனது. இங்கே ஒரு வருஷத்தில் பெய்யும் மழை சிட்னியில் பெய்வதில் பாதிதானாம். அந்தப் பாதியையும் சில்லறையாக மாற்றி, அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணிக் கொடுக்கிறது இந்த ஊர்.

இரண்டாவது, ஜனவரியில். 39 டிகிரி என்றார்கள். ஆகா என்று இரண்டு டம்ளர் போட்டேன். மத்தியானத்துக்குள் ஓரமெல்லாம் சுருள ஆரம்பித்துவிட்டது. நிம்மதியாகக் கடைக்குப் போனேன். மூன்று மணிக்கு வண்டியை விட்டு இறங்கினால் குளிர்கிறது. அரை மணிக்குள் 22 டிகிரி! வேட்டி வேலியில் தொங்குகிறது, வத்தல் பக்கத்து வீட்டுப் புல்லில் கிடக்கிறது. அந்த வீட்டுப் பெரியவர் ஒன்றைப் பொறுக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னிக்கு சேஞ்ச் வருதுன்னு காலையிலேயே சொன்னாங்களே, கேக்கலையாம்மா?” என்றார்.

அந்த ‘சேஞ்ச்’தான் இங்கே எல்லாம். கோடையில் வடக்கிலிருந்து, உள்நாட்டு வறண்ட நிலத்தின் மேல் சூடேறிய காற்று வீசும். அதன் பின்னாலேயே தெற்குக் கடல் பக்கமிருந்து குளிர்காற்று கிளம்பி வரும். அது வந்து முட்டும் வரை வெயில் ஏறிக்கொண்டே போகும். முட்டியதும் காற்று தென்மேற்குக்குத் திரும்பி, சூடு சரசரவென இறங்கிவிடும். வத்தலுக்கு வேண்டியது முன்பாதி. ஓடிப்போய் எடுக்கவேண்டியது பின்பாதி வருவதற்குள்.

அதற்கு ஒரு வழி பிடித்தேன். குளிர்காற்று எங்களுக்குத் தென்மேற்கே இருக்கிற ஜீலாங்கைத் தொட்டுவிட்டுத்தான் பெரும்பாலும் இங்கே வரும். வானிலைத் துறையின் செயலியில் ஜீலாங் பக்கத்து வெப்பத்தையும் காற்றுத் திசையையும் பார்த்துக்கொண்டே இருப்பேன். அங்கே வடக்கு தென்மேற்காக மாறியதா, அடுப்பை அணைத்துவிட்டுக் கொல்லைக்கு ஓடுவேன். அரை மணி, முக்கால் மணி கிடைக்கும்.

மூன்றாவது தடவை அப்படித்தான் ஜெயித்தேன். ராத்திரியே கஞ்சி காய்ச்சி, பச்சை மிளகாய், சீரகம், உப்பு அரைத்துச் சேர்த்து, காலை ஆறரைக்கு ஊற்றியாயிற்று. ஜனவரியில் சூரியன் மறைய எட்டே முக்கால் ஆகும் என்பதால் ஒரே நாளில் ஒன்றரை நாள் வெயில். காக்கா தொல்லை இல்லை. ஆனால் வடக்குக் காற்றோடு ஈ கூட்டமாக வரும், அதற்குப் பழைய ஜன்னல் வலை. நாலு மணிக்கு ஜீலாங் விழுந்தது. வேட்டியைத் திருப்பிப்போட்டு முதுகில் தண்ணீர் தெளித்து இழுத்தால், டப் டப்பென்று ஒவ்வொன்றாகக் கழன்று வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை வருஷம்!

அந்தச் சந்தோஷத்தைப் பெரியவரிடம் சொல்லப்போய்க் கொஞ்சம் அசடு வழிந்தேன். எனக்கு நல்ல வத்தல் நாள் என்றால் இந்த ஊர்க்காரர்களுக்கு அது வயிற்றில் புளி கரைக்கும் நாள். 2009 பிப்ரவரி 7 இதே மாதிரி வடக்குக் காற்று நாள்தான், மெல்பர்னில் 46.4 டிகிரி. மாநிலம் முழுக்கக் காட்டுத்தீ. சாயங்காலம் காற்று திரும்பியபோது நெருப்பும் திசை திரும்பி, எதிர்பாராத ஊர்களுக்குள் புகுந்தது. 173 பேர் போனார்கள். அதற்கப்புறம் ‘நல்ல வெயில்’ என்று அவரிடம் சொல்வதில்லை.

நாலாவது, பிப்ரவரி கடைசியில். 33 டிகிரிதானே என்று யோசிக்காமல் வழக்கம்போல் கெட்டியாக ஊற்றினேன். மேலே காய்ந்த மாதிரி இருந்தது. பொரித்தபோது ஓரம் பூத்தது, நடு கல்லாக நின்றது. இவர் அதையும் ரசத்துக்குத் தொட்டுக்கொண்டு மறுபேச்சில்லாமல் தின்றார்.

அம்மா போனில், “சித்திரையில போடுடி, நல்லாக் காயும்” என்கிறாள். சித்திரை பிறக்கும்போது இங்கே ஸ்வெட்டர் எடுத்தாகிவிடும் என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன். “வெயில் இல்லாத சித்திரையாடி?” என்று சிரிக்கிறாள்.

ஜவ்வரிசி இன்னும் அரை கிலோ இருக்கிறது. வியாழக்கிழமைக்கு 36 போட்டிருக்கிறார்கள், சாயங்காலம் சேஞ்ச். இந்தத் தடவை கஞ்சியில் ஒரு டம்ளர் தண்ணீர் கூட.